சுள்ளிக்குக் காசு கொடுத்தவன்

"இந்தச் சுள்ளிக்கா இருவத்தெட்டு டாலர் குடுத்த?"

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டாவுக்கு வடக்கே, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம். என் கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதில் முழங்கால் உயரத்துக்கு நாலைந்து குச்சிகள். பேருக்குக்கூட ஒரு இலை இல்லை. அம்மா மனசுக்குள் டாலரை ரூபாயாக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. விடியுமுன் மொட்டெடுத்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். பூச்செடி விஷயத்தில் அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. "ஏப்ரல்ல பாரும்மா, அசந்துருவ" என்றேன். "நான் மார்ச்லயே கெளம்புறேன்ல" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சுள்ளியின் பெயர் பீட்மான்ட் அசேலியா. அசேலியா என்றதும் நம்மவர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் பூங்காக்களில் பார்த்த, எப்போதும் பச்சையாக இருக்கும் குத்துச்செடிதான் ஞாபகம் வரும். இங்கேயும் அப்படித்தான். ஏப்ரலில் அட்லாண்டா வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ரோஸும் வெள்ளையுமாக அப்பிக்கொண்டு பூக்கிறவை எல்லாம் ஜப்பான், சீனா வழியாக வந்த பசுமைமாறா வகைகள். அகஸ்டா கோல்ஃப் போட்டியின்போது டி.வி.யில் தெரிகிற பூக்களும் பெரும்பாலும் அந்த வம்சம்தான். இந்த மண்ணில் பிறந்த அசேலியாக்களோ வேறு ஜாதி. குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். வசந்தத்தில், பல வகைகளில் இலை வருவதற்கு முன்பே, நீண்ட குழல் போன்ற பூக்கள் கொத்துக்கொத்தாக வெடிக்கும். மகரந்தத் தாள்கள் பூவை விட்டு வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும், பூனை மீசை மாதிரி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில்தான் இவற்றில் பெரும்பாலானவை. பசிபிக் கரையில் கலிபோர்னியா, ஓரிகன் பக்கம் ஒரே ஒரு வகை.

ஜார்ஜியாவில் ஒரு வேடிக்கை உண்டு. மாநிலப் பூ என்று 1916இல் அறிவித்தது செரோக்கி ரோஜாவை. அதற்குப் பூர்வீகம் சீனா! அந்தத் தப்புக்குப் பரிகாரம் மாதிரி 1979இல் அசேலியாவை மாநிலக் காட்டுப்பூ ஆக்கினார்கள். அதிலும் எந்த அசேலியா என்று சொல்லவில்லை. பிற்பாடுதான் இந்த மண்ணுக்குரிய அசேலியா என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நம் ஊரில் செங்காந்தளைத் தேர்ந்தெடுத்தவர்களை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது மெச்ச வேண்டும்.

சரி, சுள்ளிக்கு வருகிறேன்.

அம்மா என்னதான் கேலி செய்தாலும், ஒரு செடியை நடுவது என்று வந்துவிட்டால் அவளால் சும்மா நிற்க முடியாது. "ரெண்டடிக்கு ரெண்டடி குழி வெட்டு. அடியில எருவைப் போடு. நல்லா உள்ள எறக்கி, மண்ணைப் போட்டு மிதி." மல்லிகைப் பதியனும் தென்னங்கன்றும் நட்ட கையின் பாடம். நானும் அப்படியே செய்தேன். கடையில் வாங்கிய மாட்டெரு ஒரு மூட்டை முழுவதும் உள்ளே போனது. ஏப்ரலில் ஏழெட்டுக் கொத்துப் பூ பூத்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மே மாதம் இலை வெளுத்தது. ஜூலையில் செடி செத்துப்போனது.

பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வேர் தொட்டியின் வடிவத்திலேயே உருண்டையாக இருந்தது, ஒரு விரல் நீளம்கூட வெளியே வரவில்லை. பழுப்பாகி, தொட்டால் தோல் வழுக்கியது. சாக்கடை நாற்றம் வேறு. இந்த ஊர் மண் பார்ப்பதற்கு நம் செம்மண் மாதிரி இருக்கும். ஆனால் பிசைந்து பானை வனையலாம், அப்படியொரு களி. அதில் குழி வெட்டி மெத்தென்று எருவைப் போட்டால் குழி ஒரு தொட்டியாகிவிடுகிறது. குளிர்கால மழை முழுவதும் அதற்குள் இறங்கி நிற்கும், வடிய வழியில்லை. அசேலியாவின் வேரோ தலைமுடி போல மெல்லியது. ஒரு அடி ஆழத்துக்குள்ளேயே படர்ந்து, மேலிருந்து மூச்சு வாங்கி வாழ்கிற வேர். அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கியிருக்கிறோம். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தென்னைக்குச் செய்வதை இதற்குச் செய்தது என் புத்தி.

அதற்கப்புறம் ஒரு வருஷம் செடி வாங்கவில்லை. முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் அநேகமாக எல்லாக் கவுன்டிகளிலும் இருக்கிறது. சின்னப் பையில் மண் கொண்டுபோய்க் கொடுத்தால் சில நாளில் முடிவு வந்துவிடும். என் கொல்லையின் பி.எச். 5.2. அசேலியாவுக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. நாலரைக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட புளிப்பு மண்தான் அதற்குப் பிடித்தம். புல்தரைக்காக இங்கே ஆளாளுக்குச் சுண்ணாம்பு தூவுவார்கள். அந்தச் சுண்ணாம்பு இதன் பக்கம் வரக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டியும் நடக் கூடாது. அஸ்திவாரத்து சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கும். செடிக்கு இரும்புச் சத்து எட்டாமல் போய், நரம்பு மட்டும் பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகிவிடும்.

இப்போது நான் நடுகிற விதம் இதுதான். குழி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு ஆழமில்லாதது. அகலம் மட்டும் வேர்ப்பந்தைப் போல மூன்று மடங்கு. தொட்டியிலிருந்து எடுத்த வேர்ப்பந்தைக் கத்தியால் நாலு பக்கமும் கீறி, விரலால் பிய்த்துக் கலைத்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் கலைக்காவிட்டால் அந்த வேர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வேர்ப்பந்தின் மேல்மட்டம் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். தோண்டிய மண்ணோடு பொடித்த பைன் பட்டையைக் கலந்து பக்கவாட்டில் மட்டும் அணைத்து, மேடாக்கி விடுவேன். எரு கிடையாது. உரம் கிடையாது. மிதிக்கிற வேலையே கிடையாது. மேலே மூன்று அங்குலத்துக்குப் பைன் சருகு. இந்த ஊரில் வைக்கோல் கட்டு மாதிரி கட்டுக் கட்டாக விற்கிறார்கள். தண்டை ஒட்டி மட்டும் சருகு படாமல் ஒரு கை அளவு விட வேண்டும்.

இடம்தான் பாதி வைத்தியம். உயரமான பைன் மரங்களுக்குக் கீழே, காலை வெயில் விழுந்து மத்தியானம் நிழல் தட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தால் போதும். கும்மிருட்டு நிழலில் செடி பிழைக்கும், பூக்காது. கறுப்பு வால்நட் மரத்தின் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதன் வேர் விடுகிற சாறு இதற்கு நஞ்சு. முதல் இரண்டு கோடைக்கு மழை இல்லாத வாரங்களில் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு நம்மைத் தேடாது. களைக்கொத்தை மட்டும் அதன் அடியில் போடாதீர்கள். வேர் மேலாக ஓடுகிறது, கொத்தினால் வேரைத்தான் கொத்துவீர்கள். அந்த வேரோடு நுண்ணிய பூஞ்சை ஒன்று கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது. சத்தில்லாத புளிப்பு மண்ணிலிருந்து ஊட்டத்தைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது அதுதான். நாம் மூட்டை மூட்டையாக உரம் கொட்டுவது அந்தக் குடித்தனத்தைக் கெடுக்கிற வேலை.

இப்படி நட்ட மூன்று செடிகளும் பிழைத்தன. மொட்டும் கட்டின. அப்போதுதான் அம்மாவின் இரண்டாவது விஜயம்.

ஜனவரி மாதம், நான் அலுவலகம் போயிருந்த ஒரு நாள், பேத்தியின் காகிதக் கத்தரி உதவாது என்று கராஜில் தேடி வெட்டுக்கத்தரியை எடுத்து, மூன்று செடிகளையும் முழங்காலுக்குக் கீழே ஒரே மட்டமாக வெட்டிவிட்டாள். சாயங்காலம் எனக்குப் பெருமையாகக் காட்டினாள். "கவாத்துப் பண்ணாம வச்சிருக்க. பூ எப்படி வரும்?" குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியிலிருந்து கவாத்துதான். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் புதுத் துளிர் வந்து, துளிரின் நுனியில் மொட்டு வரும். அசேலியாவின் கணக்கு நேர்மாறு. அடுத்த ஏப்ரலில் பூக்க வேண்டிய மொட்டை முந்தின கோடையிலேயே கட்டி, குளிர் முழுவதும் குச்சி நுனியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நுனியில் குண்டாக, செதில் செதிலாகத் தெரிவது பூமொட்டு. பக்கங்களில் ஒல்லியாக இருப்பது இலைமொட்டு. ஜனவரியில் வெட்டினால் அந்த வருஷத்துப் பூ அத்தனையும் குப்பைக்கூடைக்கு. வெட்டுவதானால் பூ உதிர்ந்த கையோடு, இரண்டு மூன்று வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான், "அத்தை, இதுக்குக் கவாத்து மே மாசமாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா கீழே கிடந்த குச்சியை எடுத்து நுனிமொட்டை நகத்தால் பிளந்து பார்த்தாள். உள்ளே கடுகளவில் பூக்கள் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது, "சொல்லிட்டுப் போயிருக்கலாம்லடா" என்றாள்.

அந்த வருஷம் பூ இல்லை. போதாக்குறைக்கு, செத்த செடிகளை வைத்திருக்கிறீர்கள், அகற்றுங்கள் என்று பிப்ரவரியில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம். உயிரோடு இருக்கிறது என்று நிரூபிக்கத் தண்டை நகத்தால் சுரண்டிப் பச்சையைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து கொல்லையில் ஒரு வரிசை ஓடுகிறது. மார்ச் கடைசியில் பீட்மான்ட் அசேலியா: வெளிர் ரோஸ், இனிப்பு வாசம். கூடவே ஃப்ளோரிடா ஃப்ளேம், மாம்பழ மஞ்சள். வாசத்துக்காகவே வளர்க்கலாம், அட்லாண்டா வெயிலுக்கு அசையாது, முதல் செடி வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏப்ரல் நடுவில் ஒக்கோனி, செங்கல் சிவப்பு, வாசம் கிடையாது. மே கடைசியில் வெள்ளைப் பூவில் சிவப்பு மீசையோடு ஸ்வீட் அசேலியா. அது பூத்திருக்கும்போது சமையலறை ஜன்னலை மூட மாட்டோம்.

நான் தோற்ற செடியும் ஒன்று உண்டு. ஃப்ளேம் அசேலியா. மலைக்காட்டுக்காரி, இரவு குளிர்ச்சி வேண்டும். எங்கள் ஆகஸ்ட் புழுக்கத்தில் சுணங்கிச் சுணங்கிப் போய்விட்டாள். 1770களில் இந்தப் பக்கமெல்லாம் நடந்து திரிந்த வில்லியம் பார்ட்ரம், 1791இல் வந்த தன் பயணப் புத்தகத்தில், மலைச்சரிவே தீப்பற்றியதோ என்று மலைத்துப் போனது இந்தப் பூவைப் பார்த்துத்தான். அவருடைய அப்பா ஜான் பார்ட்ரம் 1730களிலேயே அமெரிக்க அசேலியாக்களை லண்டனுக்குக் கப்பலேற்றியவர். அப்படிப் போன அமெரிக்கச் செடிகளைப் பிற்பாடு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் கிழக்கத்திய மஞ்சள் அசேலியாவோடு கலந்து புது ரகங்கள் உண்டாக்கினார். ஐரோப்பாவே கொண்டாடியது. அமெரிக்கர்கள் தங்கள் காட்டுச் செடியின் பேரப்பிள்ளைகளைக் காசு கொடுத்து ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். யோகா கிளாஸுக்குப் பணம் கட்டுகிற நமக்கு இது புரியும்.

ஃப்ளேம் அசேலியா எனக்கு வளராவிட்டாலும் அதைப் பற்றிய ஒரு செய்தி என்னை விடவில்லை. பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கிற வண்ணத்துப்பூச்சியின் உடம்பில் மகரந்தம் ஒட்டும் என்றுதானே படித்திருக்கிறோம்? இந்தப் பூவில் மகரந்தத் தாளும் சூலகமுனையும் ஒன்றுக்கொன்று தள்ளி, வெளியே வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சின்னத் தேனீ வந்தால் ஒன்றைத் தொடும், மற்றதைத் தொடாது. புலிவரி போட்ட பெரிய ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்து சிறகடித்துக்கொண்டே குடிக்கும்போது அதன் சிறகு இரண்டையும் தடவிவிடுகிறது. மகரந்தம் சிறகில் போகிறது! 2015இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்தது. படித்த பிறகு என் ஒக்கோனிப் பூக்களின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நம் பையன்கள் கேட்டைத் திறக்கும்போது தோளால் இடித்துத் திறப்பார்களே, அப்படி ஒரு அலட்சியம் அந்தச் சிறகில்.

ஒரு எச்சரிக்கை. செடி முழுவதும் நஞ்சு: இலை, பூ, தேன் எல்லாம். துருக்கியில் கறுங்கடல் ஓரம் இதன் உறவுக்காரச் செடிகளின் தேனைக் குடித்துக் கிரேக்கப் படையே விழுந்து கிடந்த கதை இரண்டாயிரத்து நானூறு வருஷப் பழசு. நாய், ஆடு வளர்ப்பவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வையுங்கள். மான்கள் மட்டும் எப்படியோ தின்கின்றன. இளஞ்செடிக்குக் கம்பிவலை போட்டே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் மானைவிடப் பெரிய தொல்லை இதுவரை கிடையாது. ஆகஸ்டில் இலையில் சாம்பல் பூத்தது மாதிரி வெள்ளை படியும், இலைதான் உதிரப் போகிறதே என்று விட்டுவிடுவேன்.

இத்தனை இருந்தும் ஒரு குறை. அம்மா வருவது அக்டோபரில், போவது மார்ச்சில். தங்கைக்குப் பிரசவம், அடுத்த வருஷம் வேறு விசேஷம் என்று கோடையில் வந்தால் ஜூன் கடைசியில்தான் வர முடியும் என்றாள். அதற்குள் கொல்லையில் எல்லாம் பூத்து முடிந்திருக்கும். மூன்று தடவை வந்தும் சுள்ளியையும் இலையையும் தவிர அவள் வேறொன்றும் பார்க்கவில்லை.

அப்போதுதான் பிளம்லீஃப் அசேலியாவைத் தேடிப் போனேன். ஜூலை, ஆகஸ்டில் பூக்கிற சிவப்பு அசேலியா. ஜார்ஜியாவும் அலபாமாவும் சந்திக்கிற சட்டஹூச்சி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய வட்டாரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. கேசன் கேல்லவே என்ற மில் முதலாளி 1930இல் பைன் மவுன்டன் பக்கம் இந்தப் பூவைப் பார்த்துப் பறித்துக்கொண்டு வந்தார். அரிய செடி என்று கண்டுசொன்னது அவர் மனைவி வர்ஜீனியா. அந்தப் பூ இருந்த நிலத்தை வாங்கியதில் ஆரம்பித்ததுதான் இன்றைய கேல்லவே கார்டன்ஸ். இன்னும் தெற்கே, பிராவிடன்ஸ் கேன்யன் என்று ஒரு பள்ளம். 1800களில் வரப்பில்லாமல், தடுப்பில்லாமல் உழுது பயிர் செய்ததில் மழை மண்ணை அரித்து அரித்து 150 அடி வரை ஆழம் போயிருக்கிறது. மனிதன் செய்த தப்பு, இன்று மாநிலப் பூங்கா. அந்தச் சிவப்பும் ரோஸுமான மண்சுவர்களுக்குக் கீழே, ஈரம் கசிகிற நிழலில், ஜூலை மாதம் பிளம்லீஃப் பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்ததோடு சரி. காட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது சட்டத்துக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது; பாதிக்கு மேல் வேரைக் காட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வரும். விதையிலிருந்து வளர்த்து விற்கிற நாற்றங்காலில் ஒன்று வாங்கி, கொல்லையில் மழைநீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்துச் சரிவில், நாள் முழுக்க நிழல் உள்ள இடத்தில் வைத்தேன். வெயில் பட்டால் இதன் பூ கருகிவிடும்.

மூன்றாவது வருஷம் மொட்டுக் கட்டியது. அம்மாவுக்கு ஜூன் 26ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம், காலை காபியோடு கொல்லைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். முற்றத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். வாய்க்கால் ஓரத்தில் ஆள் உயரச் செடியில் பத்துப் பன்னிரண்டு கொத்து, செம்பருத்திச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். ரீங்காரச் சிட்டு ஒன்று கொத்துக்குக் கொத்து தாவிக்கொண்டிருந்தது.

"கொடைக்கானல்ல காட்டுப்பூவரசுன்னு ஒண்ணு பாத்தோமே, அந்தச் செவப்பு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழனி மலை, நீலகிரிச் சோலைகளில் நிற்கிற அந்தச் சிவப்புப் பூ மரமும் இந்தச் செடியும் ரோடோடென்ட்ரான் என்ற ஒரே பேரினம்தான். லின்னேயஸ் 1753இல் அசேலியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்து வைத்தார், பிறகு வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். அது மரம், இலை உதிர்க்காது. இது புதர், உதிர்க்கும். சொந்தம் சொந்தம்தான்.

நான் இதையெல்லாம் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு பூவைப் பறித்து மூக்கருகே வைத்தாள். குழலைக் காம்பிலிருந்து இழுத்துப் பார்த்தாள், கழன்று வந்துவிட்டது.

"வாசம் இல்ல. தொடுக்கவும் நிக்காது" என்றாள். பிறகு, "இருவத்தெட்டு டாலரா இதுவும்?"

"முப்பத்தஞ்சும்மா."

"இருக்கட்டும்" என்றாள்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். செடியில் இப்போது காய் பிடித்திருக்கிறது. அக்டோபர் கடைசி, நவம்பரில் காய் பழுப்பாகி, வெடிப்பதற்குச் சற்று முன் பறித்துக் காகித உறையில் போட்டு வைப்பேன். விதை மிளகாய்த்தூளைவிடப் பொடி. ஈரமான ஸ்பாக்னம் பாசியின் மேல் தூவினால் போதும், மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஒரு மாதத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும், பூக்க நாலு வருஷம் ஆகும். அட்லாண்டா பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள். ஒரு சின்ன உறையும் பொறுமையும் கொண்டுவந்தால் போதும். மாட்டெரு வேண்டாம்.